பக்கம் நாற்பத்தொன்று, ஏழாம் வரி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பார்சல் ஆபீஸ் மாடியில் பதினோரு பேர், ஒரு மின்விசிறி.
என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு.
மழை தகரத்தில் பேசியபோதெல்லாம்
நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

என் கதையில் வருகிறது:
"கரையேறி வந்து மணலில்
வலியை விரித்து உலரவிட்டாள்."

வலையை என்றுதான் எழுதினேன்.
வெறும் நைலான் வலை. மீன் நாற்றம்.
அச்சுப்பிழை என்று எட்டு மாதமாய் எனக்குத் தெரியும்.
சொல்லிவிட வாய் திறந்த நேரம்
ராஜாபாய் டீச்சர் எழுந்துவிட்டார்.

"விரித்தாள், பாருங்கள்.
மடித்துப் பெட்டிக்குள் வைக்கவில்லை.
உச்சி வெயிலில், ஊர் கடந்துபோகிற இடத்தில்."
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

பீர்கண்ணு ஒத்துக்கொள்ளவில்லை.
"பழந்தமிழில் வலி என்றால் வலிமை.
வேலை முடிந்தவள் தன் பலத்தைக்
கழற்றிப் போடுகிறாள், அவ்வளவுதான்.
அழுகை எங்கே இருக்கிறது இதில்?"

களியக்காவிளை ஸ்டான்லி பின்வரிசையிலிருந்து,
"எங்க பக்கம் பீடி இழுக்கியதும் வலிதான் ஆக்கும்."
சிரிப்பில் ரசவடைத் தட்டு ஒருமுறை சுற்றி வந்தது.

லிட்டில் பிளவர் அதுவரை பேசவில்லை.
குறும்பனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்,
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறாள்.
"கரமடி வலிச்சிருக்கியளா யாராவது?
கயிறு இழுக்கியத நாங்க வலிக்கியதுன்னுதான் சொல்லுவோம்.
முப்பது பேரு, ஒரே மூச்சு, பின்னால பின்னால நடக்கணும்.
மடி கரைக்கு வந்த பொறவும்
கை இழுத்துக்கிட்டே கெடக்கும், ஒறக்கத்துல கூட.
அதத்தான் அவ காயப் போடுகா.
இத எழுதினவரு கடக்கரைக்காரராத்தான் இருக்கணும்."

நான் கருங்கல்காரன்.
வீடு வீடாய் ஏறி மின்கணக்கு எடுப்பவன்.
கடலை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்தவன்.

அவள் புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள்.
வரிக்கடியில் நீலக் கோடு.
அழுத்தியதில் மறுபக்கமும் புடைத்திருந்தது.

நன்றியுரைக்கு முன் சொல்லிவிட்டேன்.
அது வலை. ஒரு எழுத்துதான். மன்னிக்கணும்.

மின்விசிறி இரண்டு சுற்று சுற்றியது.
"வலைன்னா அந்த வரி எதுக்கு?" என்றாள் லிட்டில் பிளவர்.
"வலைய எல்லாரும்தானே காயப் போடுவா."

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு
வடசேரியில் அச்சகத்துக்குப் போனேன்.
தட்டச்சு செய்த பெண் அஜிதா, வயது இருபத்துமூன்று,
என் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்து வந்தாள்.
"நீங்களே பாருங்க சார், லிதானே?"

நான் சிலேட்டில் படித்த லை அது.
முன்னால் இரட்டைச் சுழி போடாமல்
தலையில் துதிக்கை தூக்கிய லை.
அந்த யானை அவள் பள்ளிக்கூடத்துக்கு
வரவே இல்லை.
ஏதோ ஒரு கொக்கி மேலே தெரிந்திருக்கிறது.

"கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு.
வலின்னு வச்சுத் திரும்ப வாசிச்சேன்.
சரியா இருந்துச்சு சார்."

பதினோரு பேருக்கு முன்னால்
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய் கூலிக்கு
கரண்ட் போய்ப் போய் வந்த அறையில்
ஒருத்தி நின்று யோசித்திருக்கிறாள்
என் ஒரு எழுத்துக்காக.
நான் அதற்கு யோசித்ததாய் நினைவில்லை.

"திருத்திரட்டா சார்?"
திரையில் லிக்கும் யைக்கும் நடுவே
ஒரு கோடு அணைந்து அணைந்து எரிந்தது.
நாளைக்குச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

கருங்கல் வண்டி வர நேரமிருந்தது.
டீக்கடைச் சீட்டின் பின்புறம்
அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன்,
பழைய கை, பழைய லை.
கண்ணாடியைக் கழற்றி, மாட்டி,
இன்னொரு தடவை எழுதினேன்.

எனக்கே லி என்றுதான் தெரிகிறது.